கண்ணாடி சொன்னதும் மச்சம் சொன்னதும்

ஒரு செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்த அண்ணனை அப்படியே வாசலில் நிறுத்திவிட்டுப் போன வார அத்தியாயத்தை முடித்துக்கொண்டோம். நல்லவேளை, செருப்பு கட்டிலுக்கடியில் கிடைத்துவிட்டது.

அவன் அவசரத்துக்குக் காரணம் உண்டு. காது கேளாதவர்களின் நாடகக் குழு ஒன்று அரசாங்க மானியத்தில் நடந்துவருகிறது. அதில் முக்கிய நடிகன் அவன்தான், இயக்குநரும் அவன்தான், ஆள் வராத நாளில் விளக்குப் போடுகிறவனும் அவன்தான். அடுத்த வருஷம் மானியம் உண்டா இல்லையா என்று இன்றைக்குச் சொல்கிறேன் என்றிருந்தார் கலை பண்பாட்டுத் துறையின் துணை இயக்குநர்.

அதே இன்றைக்குள் அச்சகத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அண்ணி பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் அச்சகம் அது. மெஷினுக்கு ஓர் ஆள் தேவை, உன் வீட்டுக்காரர் வருவாரா என்று முதலாளி கேட்டிருந்தார். நாடகம் உண்டென்றால் நாடகம், இல்லையென்றால் மெஷின். பல நாள் சண்டைக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் இப்படி ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அண்ணிக்கும் காது கேட்காது. சண்டை போட்டால் பாத்திரங்கள் மட்டும்தான் சத்தம் போடும்.

கூடப் போகிறவள் தங்கை. முப்பதைத் தாண்டிவிட்டாள், பெரிய ஆஸ்பத்திரியில் சைகை மொழிபெயர்ப்பாளர், ஆனாலும் வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான். காது கேளாதவர்கள் மத்தியில் அவள் பெயர் வேறு. அங்கே யாரும் யார் பெயரையும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பதில்லை. ஆளைப் பார்த்ததும் ஓர் அடையாளம் வைத்துவிடுவார்கள். தாடையில் ஒரு விரலை வைத்தால் பாப்பா, அதாவது மச்சம். புருவத்தைத் தொட்டால் அண்ணன். விரல்களைப் பின்னினால் அண்ணி. துணை இயக்குநர் வெறும் 'கண்ணாடி.'

கிளம்பும்போது அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இல்லைன்னு சொல்லிட்டா அங்கேயே நின்னு ரகளை பண்ண வேணாம்னு சொல்லுடி அவன்கிட்ட. மானம் போகுது."

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று அண்ணன் கையால் கேட்டான்.

"பத்திரமா போயிட்டு வரச் சொல்றாங்க" என்று பாப்பாவின் கைகள் சொல்லின.

அண்ணன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அம்மாவுக்குச் சைகை தெரியாது. சாப்பிடு, தூங்கு, வா என்று நாலைந்து வீட்டுச் சைகைகள் தெரியும். குழந்தைக்குச் சைகை பழக்கினால் பேச்சு வராது என்று அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். பேச்சும் வரவில்லை, அம்மாவும் கற்றுக்கொள்ளவில்லை. அதற்குள் பாப்பா பிறந்துவிட்டாள்.

*

துறை அலுவலகத்தின் நடைவழியில் யாரோ கொடுத்த வெண்கலச் சிலைகள் பிளாஸ்டிக் உறைக்குள் நின்றுகொண்டிருந்தன. எதிர்ப்புற மைதானத்தில் புது ஸ்டேடியத்துக்குத் தூண் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அதிர்வு அண்ணனின் உள்ளங்காலில் ஏறியது.

"இந்தத் தாளம் நல்லாயிருக்கு. அடுத்த நாடகத்துல ராஜா நடந்து வர்றப்போ வைக்கலாம்" என்றான்.

"முதல்ல உள்ளே வா."

துணை இயக்குநர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையசைத்தார். அவருக்கு அடர்ந்த மீசை. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கலாம் என்றால் உதடு இருக்கும் இடமே தெரியாது.

"உட்காருங்கம்மா. அண்ணன் நல்லாயிருக்காரா?"

"அவர்கிட்டயே கேளுங்க சார். நான் சொல்றேன்."

"ஆங், சரி சரி" என்றார். பேசியதென்னவோ பாப்பாவைப் பார்த்துத்தான். "சுத்தி வளைக்க எனக்கு இஷ்டமில்லம்மா. இந்த வருஷத்தோட சரி. அவங்களுக்குன்னு தனிக் குழு, தனி நாடகம், இதெல்லாம் இனிமே கிடையாது. மேல முடிவாயிடுச்சு."

நெஞ்சுக்கு நேரே எழுந்த பாப்பாவின் கைகள் அங்கேயே நின்றுவிட்டன.

"ஏன் சார்?"

"கொள்கை மாறிடுச்சு. எல்லாருக்கும் பொதுவா ஒரே மேடை. பெரிய நாடகம் எது போட்டாலும் மேடை ஓரத்துல ஒரு மொழிபெயர்ப்பாளர் நிப்பாங்க. உங்க அண்ணன் மாதிரி ஆளுங்க வந்து பார்க்கலாம்."

"பார்க்கிறது சரி சார். நடிக்கிறது?"

"நடிக்க வேணாம்னு யாரும்மா சொன்னாங்க? வெளியில யாராவது பணம் போட்டா நடிக்கட்டும்." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். களைத்துப்போயிருந்தார். "நான் என்ன பண்றது, சொல்லுங்க? நூலகத்துக்கும் வெட்டு விழுந்திருக்கு. பழைய கோட்டையைப் பழுது பார்க்கிறவங்க நேத்து இதே நாற்காலியில உட்கார்ந்து அழுதுட்டுப் போனாங்க. எல்லாம் அதோ, அங்கே போகுது." ஜன்னலுக்கு வெளியே கிரேன் திரும்பிக்கொண்டிருந்தது. "போகட்டும், பிள்ளைங்க விளையாடுவாங்கன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப அதையும் பாதியில நிறுத்துவாங்கன்னு பேச்சு."

அண்ணன் அவள் முழங்கையைத் தட்டினான். "என்ன சொல்றார்? உன் கை ஏன் சும்மா இருக்கு?"

"முழுசா சொல்லி முடிக்கட்டும்."

"இன்னொண்ணும் இருக்கு" என்று குரலைத் தாழ்த்தினார் துணை இயக்குநர். யாருக்குக் கேட்டுவிடும் என்று தாழ்த்தினாரோ தெரியவில்லை. "அந்த மேடை ஓர ஆளுங்களுக்கெல்லாம் தலைமையா ஒருத்தர் வேணும். நிரந்தர வேலை. உங்க பேரைத்தான் சொல்லி வெச்சிருக்கேன். இந்தக் குழுவை மூடுறதாலதான் அந்தப் பதவியே வருது. சங்கடம்தான். ஆனா உங்களை விட்டா ஆள் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

பாப்பா அண்ணனின் பக்கம் திரும்பினாள்.

அவன் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான். புருவம் இரண்டும் மேலே ஏறியிருந்தன. மேடையில் ராஜாவாக நிற்கும்போது கடைசி வரிசை வரைக்கும் தெரியும் புருவம் அது.

அப்பா உயிரோடிருந்த காலத்தில் ஒரு தடவை இப்படித்தான் அவன் வேலை பார்த்த மரப்பட்டறையை மூடினார்கள். அந்த மழைக்காலம் முழுக்க அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டவனிடம் யாராலும் பேச முடியாது. தொட்டுத் திருப்பினாலும் கண்ணை மூடிக்கொண்டுவிடுவான்.

இவர் முன்னால் வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள் பாப்பா. காதுக்குள் 'நிரந்தர வேலை' என்பது வேறு சுற்றிக்கொண்டிருந்தது. அதை எந்தக் கையால் சொல்வது?

"யோசிக்கிறாங்களாம். இல்லைன்னு சொல்லல. கொஞ்சம் பொறுக்கச் சொல்றார்" என்று பூசி மெழுகினாள்.

"தொடருமா?"

"தொடரலாம்."

சைகையில் 'தொடரும்', 'தொடரலாம்' இரண்டுக்கும் கை ஒன்றுதான். வித்தியாசம் முகத்தில் இருக்கிறது. சந்தேகத்தை முகம் காட்ட வேண்டும். பாப்பாவின் முகம் காட்டவில்லை.

அண்ணன் எழுந்தான். மேஜையைச் சுற்றிக்கொண்டு போய்த் துணை இயக்குநரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினான். கண்ணில் தண்ணீர் நின்றது.

அவர் நெகிழ்ந்துபோய்விட்டார். "பரவாயில்லையே! பெருந்தன்மையா எடுத்துக்கிட்டார். நான் ரொம்பப் பயந்துக்கிட்டிருந்தேன். நல்லபடியா எடுத்துச் சொல்லியிருக்கீங்கம்மா."

*

வெளியே வந்ததும் அண்ணன் ஆகாசத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணா, நில்லு. நான் சொல்றதை முழுசாப் பாரு."

அந்த நேரம் பார்த்து அவள் கைப்பையில் போன் துடித்தது. ஆஸ்பத்திரி. அவசர வார்டில் சைகை பேசும் நோயாளி ஒருவர் இருக்கிறார், உடனே வரச் சொன்னார்கள்.

பாப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வீட்டுக்குப் போ. நான் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதே. புரியுதா? யார்கிட்டயும்!"

அண்ணன் தலையை ஆட்டினான். எல்லாப் பக்கமும் ஆட்டினான்.

வார்டில் இருந்தவர் ஒரு தையல்காரர். வலது கையில் கட்டு. பக்கத்தில் அவருடைய மகன், பெரிய ஆள், சிரித்த முகமாக நின்றான்.

டாக்டர் கதவருகில் நின்றபடியே சொன்னார். "விரலுக்கு உள்ளே அழுகிடுச்சு. ரெண்டு விரலை எடுத்தாகணும். தள்ளிப் போட்டா கையே போயிடும். அவருக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

பாப்பா நேரே போய் அவர் கண்ணுக்கு முன்னால் நின்று, டாக்டர் சொன்னதைச் சொன்னாள். விரல், அழுகல், இரண்டு, வெட்டி எடுப்பது. முகத்தில் வைக்க வேண்டியதை முகத்தில் வைத்தாள்.

அவர் தன் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். பிறகு இடது கையால், தடுமாறித் தடுமாறிக் கேட்டார்: "அப்புறம் நான் எப்படிப் பேசுவேன்?"

பாப்பா அதைச் சத்தமாக டாக்டரிடம் சொன்னாள். டாக்டரிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதையும் தையல்காரரிடம் சொன்னாள்.

கிளம்பும்போது தையல்காரர் அவள் கையைத் தொட்டார். "நேராச் சொன்னே. நல்லாயிரு. இவன் இத்தனை நாளா என் முன்னாடி சிரிச்சுக்கிட்டே நிக்கிறான். சிரிப்பைப் பார்த்தே எனக்குப் பயமாயிருந்துச்சு."

மகன் "அப்பா என்ன சொல்றார்?" என்று கேட்டான். அதையும் சொன்னாள். அவன் சிரிப்பு கலைந்து, அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டான்.

பாப்பா மாடிப்படியில் இறங்கினாள். யாரோ முன்பின் தெரியாத மனிதருக்கு நேராகச் சொல்ல முடிகிறது. தன் அண்ணனுக்கு ஏன் முடியவில்லை? உடனே வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் வார்டிலிருந்து வார்டுக்கு இழுத்துக்கொண்டே போனார்கள். சாயங்காலம்வரை விடவில்லை.

*

அச்சகத்தில் மெஷின் போடும் சத்தத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அண்ணி அந்தச் சத்தத்துக்கு நடுவே மடித்த தாள்களை அடுக்கி, பசை தடவி, புத்தகங்களுக்கு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் வருவதை அவள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். நடையிலேயே தெரிந்துவிட்டது. அது ராஜா நடை.

நேரே முதலாளியின் கண்ணாடித் தடுப்புக்குள் போனான். உள்ளே பெஞ்சில் யாரோ ஒருவர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார், வேலை கேட்டு. முதலாளி எழுந்து வாயை அகல அகலத் திறந்து ஏதோ கேட்டார். காது கேளாதவர்களிடம் அப்படிப் பேசினால் புரியும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பல் டாக்டரிடம் காட்டுவது போலிருக்கும். அண்ணன் போனில் தட்டிக் காட்டினான். முதலாளி படித்தார், தோளைக் குலுக்கினார், பெஞ்சில் இருந்தவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான். அந்த ஆள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மெஷின் பக்கம் போனார்.

அண்ணி பசைக் கையோடு வந்து அவனை மறித்தாள். "என்ன செஞ்சே?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன். நாடகம் தொடருது!"

"யார் சொன்னது?"

"மச்சம்."

"மச்சம் சொன்னாளா, கண்ணாடி சொன்னாரா?"

"ரெண்டும் ஒண்ணுதானே!"

அண்ணி அவன் முகத்தையே பார்த்தாள். கல்யாணமான புதிதில் அவன் முகத்தில் பார்த்த வெளிச்சம் அது. இடையில் எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. அதைப் பார்த்த பிறகு மேலே கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கை வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஒரு நாள் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

"இன்னிக்குள்ளே பதில் வேணும்னு உன் முதலாளிதானே கேட்டார்? எல்லாருக்கும் வீடியோ அனுப்பிட்டேன். நம்ம கோமாளி வேற ஊருக்கு வேலைக்குப் போறதா பெட்டி கட்டி வெச்சிருந்தானே, பிரிச்சுட்டானாம்! நாளைக்கே ஒத்திகை."

அவன் போன பிறகு அண்ணி மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். புது ஆள் இன்னும் பழகாமல், தாள் வரும் வேகத்துக்கு மிரண்டுபோய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

*

பாப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் நாற்காலிகளெல்லாம் சுவரோரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவில் அண்ணன் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தான்.

"வந்ததுலேர்ந்து இதே கூத்துதான்" என்றாள் அம்மா. அவள் முகத்திலும் சிரிப்பு. "குதிக்கிற குதியிலேயே தெரியுது, மானியம் உண்டுன்னுட்டாங்க! நீ ஒரு போன் பண்ணிச் சொல்லக் கூடாதா?"

"அம்மா, கொஞ்சம் பேசாம இரு."

"ஏன், நான் சந்தோஷப்படக் கூடாதா?"

பாப்பா அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உட்காரு. காலையில நடந்ததைப் பத்திப் பேசணும்."

"பேசலாம். முதல்ல இதைக் கேளு. அச்சகத்துல வேண்டாம்னு சொல்லிட்டேன்."

பாப்பாவின் கைகள் விழுந்தன.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னேனே!"

"நாடகக்காரன்கிட்ட அடக்கி வைன்னா நடக்குமா?"

"அந்த வேலை?" என்று பாப்பா அண்ணியிடம் கேட்டாள்.

"வேற ஆள் சேர்ந்தாச்சு. மத்தியானமே" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டுப் பாப்பாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அண்ணன் அதற்குள் டிவியைப் போட்டிருந்தான். அரசாங்கச் சேனலில் சாயங்காலச் செய்திக்கு மட்டும் மூலையில் சின்னக் கட்டம் ஒன்று வரும். அதில் ஒரு பெண் நின்று சைகையில் சொல்லுவாள். பெரிய காதணி போட்டிருப்பாள், அதனால் ஊரெங்கும் அவளுக்குக் 'கம்மல்' என்று பெயர். காது கேளாதவர்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு வேறெந்த வேலையும் நடக்காது.

"அண்ணா, அதை நிறுத்து. நான் பேசணும்."

"செய்தி முடியட்டும்."

செய்தி வாசிக்கிறவர் ஸ்டேடியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அமைச்சர் வந்து பார்த்தாராம். பிறகு அதே குரலில், மூச்சு விடாமல், அடுத்ததற்குப் போனார்: "அனைவருக்குமான மேடை என்னும் புதிய திட்டத்தை அமைச்சர் இன்று அறிவித்தார். இதையடுத்து, காது கேளாதோர் தனி நாடகக் குழுவுக்கு வழங்கப்பட்டுவந்த ஆதரவு இந்த ஆண்டுடன் நிறைவடைகிறது."

கட்டத்துக்குள் கம்மல் இன்னும் ஸ்டேடியத்திலேயே இருந்தாள். வாசிக்கிறவர் சொல்லி, இவள் அதைக் கேட்டு, கையில் கொண்டுவரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அந்தக் கூடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். பாப்பாவும், சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்ட அம்மாவும்.

பாப்பாவின் கை ரிமோட்டுக்குப் போனது. அதன் மேல் இன்னொரு கை வந்து அழுத்தியது. அண்ணி டிவியைப் பார்க்கவே இல்லை. இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்மல் சொன்னாள். நாடகம், காது கேளாதவர்கள், அரசு, உதவி. பிறகு இரண்டு கைகளையும் வெளியே விசிறினாள். முடிந்தது.

அவளுக்கும் அந்தக் குழுவில் எல்லோரையும் தெரியும். சொல்லும்போது அவள் முகம் ஒரு கணம் கோணியது. ஆனால் சொன்னாள்.

அண்ணன் அசையவில்லை. அடுத்த செய்தி வந்தது, அதற்கடுத்தது வந்தது, மழை வருமா வராதா என்று சொன்னார்கள். எல்லாவற்றையும் பார்த்தான். தோளிலிருந்த போர்வை நழுவித் தரையில் விழுந்தது. அவன் போன் தரையில் கிடந்து துடித்துக்கொண்டே இருந்தது. ஒருவர் மாற்றி ஒருவராகக் குழுவில் எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டி, மூடுறாங்கங்கிறான் டிவிக்காரன்?" என்றாள் அம்மா. "இவன் உண்டுன்னு குதிச்சானே? என்னடி இது?"

அண்ணன் மெல்லத் திரும்பினான். "காலையில கண்ணாடி இதைத்தான் சொன்னாரா?"

"ஆமா."

"முழுசாச் சொல்லு."

இப்போது சொன்னாள். துணை இயக்குநர் சொன்னதை எல்லாம், அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டது வரைக்கும் சொன்னாள். தனக்கு வரவிருக்கும் வேலையையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது கை கனத்தது.

"உனக்கு வேலையா? எங்களை மூடிட்டா?"

"நான் இன்னும் சரின்னு சொல்லல."

"வேண்டாம்னு சொன்னியா?"

பாப்பா இல்லையென்று தலையசைத்தாள்.

"நீ மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துடுவியோன்னு பயந்துட்டேன் அண்ணா. வீட்டுக்கு வந்து சொல்லலாம்னு..."

"ஓடிப்போய்க் கை கொடுத்தேன். அந்த ஆளுக்கு. நன்றி சொன்னேன்." அவன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டான். "அவர் என்ன நினைச்சிருப்பார்?"

அண்ணி தரையில் கிடந்த போர்வையை எடுத்து மடித்தாள். "எனக்குக் கோபம் இல்ல மச்சம்" என்றாள், மடித்ததைக் கட்டிலில் வைத்துவிட்டு. "நாளைக்கு அந்த மெஷின்கிட்ட அந்த ஆளைப் பார்த்துக்கிட்டே வேலை செய்யணும். அவ்வளவுதான்."

கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது பாப்பாவுக்கு.

அண்ணன் எழுந்தான். சுவர்ப் பக்கம் போகப்போகிறான் என்று மூன்று பேரும் நினைத்தார்கள். அவன் சமையலறை வாசலுக்குப் போனான். அம்மாவின் தோளைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கையால் சொல்லத் தொடங்கினான். புரியாது என்று தெரிந்தே சொன்னான். கைகள் பெரிதாக, மேடையில் வருவது போல வந்தன. முகத்தில் மட்டும் நடிப்பு இல்லை.

அம்மா பயந்துபோனாள். "என்னடி சொல்றான்? எனக்கு ஒண்ணும் புரியலையே. பாப்பா! என்ன சொல்றான்?"

பாப்பாவுக்கு முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது அது எங்கே போகிறதென்று. இப்போதும் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. உன்மேல் கோபமில்லை என்கிறான், பசிக்கிறது என்கிறான், எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அம்மா நம்பிவிடுவாள்.

அண்ணன் முடித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றான். பாப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை.

பாப்பா வாயைத் திறந்து, அவன் சொன்னதை அவன் சொன்னபடியே சொன்னாள். தன் குரல் தனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"அப்பா ஆஸ்பத்திரியில கடைசியா எனக்குன்னு ஒண்ணு சொன்னார்னு இவ சொன்னா. 'நீ மேடையில நின்னப்போ எனக்குப் பெருமையா இருந்துச்சு'ன்னு சொன்னாராம். அதுக்கு முன்னாடி அவர் ஒரு தடவைகூட என் நாடகத்துக்கு வந்தது இல்ல. எனக்குத் தெரியாம வந்து பின்னாடி நின்னு பார்த்திருப்பார்னு நினைச்சுக்கிட்டேன். அதை வெச்சுத்தான் இத்தனை வருஷம் மேடையில நின்னேன். மத்த எந்த வேலைக்கும் போகாம நின்னேன். அம்மா, நீயும் பக்கத்துலதான் இருந்தே. உனக்குக் காது கேக்கும். அப்பா அதைச் சொன்னாரா?"

அடுப்பில் ஏதோ கொதித்து வழிந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அம்மா மகனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

"நான் என்னடி சொல்லட்டும்?" என்றாள்.

அம்மாவின் உதடு அசைந்ததை அண்ணன் பார்த்தான். வேறு வழியில்லாமல் தங்கையின் பக்கம் திரும்பினான்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

பாப்பா கைகளைத் தூக்கினாள்.

"'நான் என்ன சொல்லட்டும்'னு என்னைக் கேக்கறாங்க."

அண்ணன் அதைப் பார்த்தான். அண்ணியும் பார்த்தாள். அதற்குள் அம்மா, யார் முகத்தையும் பார்க்காமல், தரையைப் பார்த்து, அந்த ஆஸ்பத்திரி அறையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தாள். பாப்பா கைகளைக் கீழே இறக்காமல் அதையும் அண்ணனுக்குச் சொல்லத் தொடங்கினாள்.